‘மூடை’ என்றால் எது? தொழிலையும் கணினியையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவர ஒன்டொலொஜி: முழுமையான வழிகாட்டி

பெரும்போக அறுவடை முடிகிற மாசி மாதம். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்கறை. கணினி காட்டிய நெல் இருப்புக்கும் களஞ்சியத்தில் அடுக்கியிருந்த நெல்லுக்கும் பெரிய வித்தியாசம். முதலாளி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்வை களஞ்சியப் பொறுப்பாளரை விட்டு அகலவில்லை. 20 வருடத்துக்கு மேல் அந்த ஆலையில் உழைத்த மனுசன். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும்போது அவர் விரல் நடுங்கியதைப் பார்த்தேன். அந்த இருப்புக் கணக்கு மென்பொருளை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. தராசடியில் நிற்கிற தம்பிக்கு ‘மூடை’ என்றால் லொறியில் இருந்து இறங்குகிற ஒரு சாக்கு. உள்ளே எவ்வளவு நிறை இருந்தாலும் அது ஒரு மூடை. கணக்குப் பகுதிக்கு மூடை என்றால் 66 கிலோ. காசு கட்டுவது அந்தக் கணக்கில். களஞ்சியத்துக்கோ, காயப்போட்டு, திரும்பச் சாக்கில் பிடித்து அடுக்கியதுதான் மூடை. நாங்கள் எழுதிய திரையில் ‘மூடை’ என்று ஒரே ஒரு கட்டம். மூன்று பேரும் அந்தக் கட்டத்துக்குள்தான் எண்ணைப் போட்டிருந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 20 வீத ஈரப்பதனோடு 100 மூடை, மூடைக்கு 66 கிலோ என்று வருகிறது. மொத்தம் 6,600 கிலோ. அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் போவது தண்ணீர் மட்டும்தான், நெல்லின் உலர்பொருள் அப்படியே இருக்கும். 6,600ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் பிரித்தால் ஏறத்தாழ 6,140 கிலோ. மிச்சம் 460 கிலோ காற்றோடு போய்விட்டது. 66 கிலோக் கணக்கில் அது ஏழு மூடை. வெட்டு மெஷின் வந்த பிறகு நெல் ஈரத்தோடேயே ஆலைக்கு வருகிறது. மழை விடாத வருடத்தில் ஒவ்வொரு லொறிக்கும் இப்படி ஏழு மூடை, எட்டு மூடை என்று குறையும். ஒருவரும் கை வைக்கவில்லை. பழி ஒரு மனுசன் தலையில் விழுந்தது.

அந்த ஆலையில் நாங்கள் பிறகு செய்த வேலையை, அடுத்தவர் செய்து பார்க்கும்படி இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதன் பெயர் ஒன்டொலொஜி.

முதலில் சொல்லின் பொருள்

தத்துவத்தில் ஒன்டொலொஜி என்பது ‘எவையெவை உண்டு’ என்று ஆராய்வது. கணினித் துறையில் 1993இல் தொமஸ் குரூபர் அதற்கு ஒரு வரைவிலக்கணம் கொடுத்தார். ஒரு துறையில் இருப்பவற்றை நாம் மனதில் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோமோ, அதை வெளிப்படையாக எழுதி வைப்பது. 1998இல் ஸ்டூடர், பெஞ்சமின்ஸ், ஃபென்சல் மூவரும் இன்னும் இரண்டு சொல் சேர்த்தார்கள்: அது முறைப்படியானதாக இருக்க வேண்டும், பலரும் பகிர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் அந்தக் கணக்கறைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால் விடயம் விளங்கும். மூடையின் பொருள் அவரவர் தலைக்குள் இருந்தது, வெளிப்படையாக இல்லை. தராசடியும் களஞ்சியமும் அதைப் பகிர்ந்துகொள்ளவில்லை. முறைப்படி தர்க்கத்தில் எழுதாததால் கணினியால் முரணைப் பிடிக்கவும் முடியவில்லை.

சொற்பட்டியல் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. பட்டியலை மனுசர்தான் வாசிப்பார்கள், கணினி அதைச் சரிபார்க்காது. தரவுத்தள அமைப்பும் வேறு. ‘இந்தக் கட்டத்தில் எண் வரும்’ என்று அது சொல்லும், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்லாது.

தொழிலும் தகவல் தொழில்நுட்பமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று ஹென்டர்சனும் வெங்கட்ராமனும் எழுதிய கட்டுரை வந்ததும் அதே 1993இல்தான். தொழிலின் திட்டம், தொழிலின் உள்ளமைப்பு, தொழில்நுட்பத் திட்டம், தொழில்நுட்ப உள்ளமைப்பு என்ற நான்கு மூலையும் இசைய வேண்டும் என்பது அவர்கள் மாதிரி. முகாமைப் பாடத்தில் இன்றைக்கும் அதைப் படிப்பிக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் அந்த இசைவு கெட்டது பெரிய திட்டத்தில் அல்ல, சீட்டில் எழுதுகிற ஒரு சொல்லில்.

எல்லாருக்கும் இது தேவையா? இல்லை. ஒரே ஆள் வாங்கி, விற்று, கணக்கும் எழுதுகிற கடைக்கு வேண்டாம். பகுதிகள் இரண்டுக்கு மேல் இருந்து, அவை தனித்தனி நோட்டோ மென்பொருளோ வைத்திருந்தால் யோசியுங்கள். அரிசி ஆலை, பால் சேகரிப்பு நிலையம், கூட்டுறவுச் சங்கம், ஐஸ் தொழிற்சாலையோடு நடக்கிற மீன் வியாபாரம் என்று எங்கள் பக்கத்தில் இதற்குப் பொருந்துகிற இடம் நிறைய.

படி 1: ஒரு பிணக்கை எடுங்கள்

‘முழு நிறுவனத்துக்கும் எழுதுவோம்’ என்று தொடங்கினால் வருடம் முடியும், வேலை முடியாது. காசும் வாக்குவாதமும் சந்திக்கிற ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் எடுத்தது, லொறி வாசலுக்குள் வருவதில் இருந்து நெல் களஞ்சியத்தில் அடுக்கப்படும் வரை. அவித்தல், குற்றுதல், தவிடு, விற்பனை எல்லாவற்றையும் வெளியே விட்டோம். எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் ‘உமிக் கணக்கையும் சேர்ப்போமா’ என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

படி 2: சொற்களைப் பொறுக்குங்கள்

முழு வேலையிலும் இதுதான் கனமானது. கணினியைத் திறக்கவே வேண்டாம். கூட்டம் கூட்டாதீர்கள். முதலாளி முன்னால் தராசடித் தம்பி வாய் திறக்க மாட்டார். தராசடியில் ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு அரை நாள் இருங்கள். அப்புறம் களஞ்சியத்தில் அரை நாள், கணக்கறையில் அரை நாள். தராசுச் சீட்டு, களஞ்சிய நோட்டு, எக்செல் தாள், மென்பொருள் திரை எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விடயம் குறியுங்கள்: யார் சொல்கிறார், எந்தத் தாளில் வருகிறது, அவர் காட்டுகிற ஓர் உதாரணம், அவர் ‘இது அது இல்லை’ என்று தள்ளுகிற ஓர் உதாரணம். நான்காவதுதான் பொன். ‘மூடை என்றால் என்ன?’ என்று கேட்டால் சிரிப்பார்கள். ‘கிழிந்து பாதி கொட்டின சாக்கு மூடையா?’ என்று கேளுங்கள். தராசடித் தம்பி ‘ஓம், ஒரு சாக்குத்தானே’ என்பார். கணக்காளர் ‘அது எப்படி மூடை?’ என்பார். அந்த இடத்தில் பேனையை எடுங்கள்.

‘கொள்வனவு’ என்ற சொல்லும் இப்படியே பிரிந்தது. தராசடிக்கு லொறியை நிறை பார்த்ததும் கொள்வனவு. கணக்குக்கு விலை பேசி முடிந்ததும் கொள்வனவு. முதலாளிக்குக் காசு கைமாறினால்தான் கொள்வனவு. நெல்லை இறக்கிவிட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிற விவசாயிகளும் உண்டு. அப்போது களஞ்சியத்தில் இருப்பது யாருடைய நெல்? இருப்பில் சேருமா, சேராதா? மூன்று மென்பொருள் மாற்றினாலும் இந்தக் கேள்விக்கு விடை வராது. ஆலைக்காரர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

‘விவசாயி’ இன்னும் சிக்கல். காணி போடியாருடையது. குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். வயலில் நின்று செய்தவர் முல்லைக்காரர். லொறியில் நெல்லைக் கொண்டுவந்தவர் தரகர். திரையில் ‘விவசாயி பெயர்’ என்று ஒரே கட்டம். தராசடித் தம்பி எதிரே நிற்கிறவர் பெயரைப் போட்டுவிடுவார். பிறகு ‘எந்த வட்டையில் (வயல்வெளியில்) இருந்து நல்ல நெல் வந்தது’ என்று தேடினால் தரகர்கள் பெயர்தான் வரிசையாக வரும்.

அளவுகளும் அப்படித்தான். புசல் என்றால் நெல்லுக்கு 46 இறாத்தல், ஏறத்தாழ 20.87 கிலோ. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிற பெரியவர்கள் இன்னும் அவணம் என்ற பழைய அளவில் பேசுவார்கள். பழைய சொல்லைத் திருத்தப் போகாதீர்கள். யார் எந்த அளவில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 3: விடை வேண்டிய கேள்விகளை எழுதுங்கள்

1995இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் குரூனிங்கரும் ஃபொக்ஸும் நல்ல வழி ஒன்றைக் காட்டினார்கள். ஒன்டொலொஜியை எழுத முன்னமே, அது எந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்று எழுதிவைப்பது. அந்தக் கேள்விகளே எல்லையும் சோதனையும். ஒரு சொல் எந்தக் கேள்விக்கும் உதவவில்லையா, அதை வெட்டலாம். ஒரு கேள்விக்கு விடை வரவில்லையா, ஏதோ விடுபட்டிருக்கிறது.

எங்கள் ஆலைக்கு எழுதியவற்றில் சில: இன்று களஞ்சியத்தில் இருக்கிற நெல்லில் ஆலைக்குச் சொந்தமானது எவ்வளவு கிலோ? இந்த அடுக்கில் இருக்கிற நெல் எந்த வட்டையில் இருந்து, யார் கையால் வந்தது? சென்ற வாரம் காயப்போட்டதில் குறைந்த நிறை ஈரத்தால் குறைந்ததா, வேறு காரணமா? நிறை பார்த்தும் இன்னும் விலை பேசாத நெல் எது? முதலாளி பார்க்கிற மாதாந்த அறிக்கையில் உள்ள ‘இருப்பு’ எந்த மென்பொருளின் எந்தக் கட்டத்தில் இருந்து வருகிறது?

மூன்றாவது கேள்வியைக் களஞ்சியப் பொறுப்பாளரே தன் வாயால் சொல்லி எழுத வைத்தார். கேள்விகள் பன்னிரண்டைத் தாண்ட விடாதீர்கள்.

படி 4: பொருள் எது, நிகழ்வு எது, பாத்திரம் எது

இப்போது சொற்களைக் கூடைகளில் பிரிக்க வேண்டும். இதற்கு ஏற்கெனவே யோசித்து வைத்த அச்சுகள் உண்டு. எல்லாத் துறைக்கும் பொதுவான மேல்நிலை ஒன்டொலொஜிகளில் ஒன்றான பி.எஃப்.ஓ 2021இல் ஐ.எஸ்.ஓ என்ற சர்வதேசத் தரமாகவே வந்தது. அதன் அடிப்படைப் பிரிவு எளிது: காலத்தினூடாக அப்படியே இருப்பவை ஒரு பக்கம், நடந்து முடிபவை மறுபக்கம். நெல் இருப்பது. நிறுத்தல், காயப்போடுதல், காசு கட்டுதல் எல்லாம் நடப்பவை. இந்த ஒரு பிரிவை மட்டும் பி.எஃப்.ஓவில் இருந்து எடுத்தாலே போதும். ஆலைக்கு முழுவதையும் இழுத்து வருவது பாரம்.

எனக்கு அதைவிடக் கைகொடுத்தது ஆர்.ஈ.ஏ மாதிரி. 1982இல் வில்லியம் மக்கார்த்தி என்ற கணக்கியல் பேராசிரியர் முன்வைத்தது. தொழிலில் நடப்பதை மூன்றாகப் பார்க்கச் சொன்னார்: வளம், நிகழ்வு, ஆள். ஒரு பக்கம் வளம் உள்ளே வந்தால் இன்னொரு பக்கம் வளம் வெளியே போக வேண்டும், இரண்டு நிகழ்வும் சோடி. நெல் உள்ளே வருவது ஒரு நிகழ்வு, காசு போவது இன்னொரு நிகழ்வு. இப்படிப் பிரித்ததும் ‘கொள்வனவு’ச் சண்டை அடங்கியது. வரவு, விலையுடன்பாடு, கொடுப்பனவு என்று மூன்று தனி நிகழ்வு. ஒவ்வொன்றுக்கும் தனித் திகதி, தனி ஆள். முதல் நிகழ்வு நடந்து மற்றது நடக்காவிட்டால் நெல் ஆலையில் இருக்கிறது, ஆலையுடையது இல்லை.

காயப்போடுதலைப் பொறுத்தவரை கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒரே நெல், முதலில் ஈரம், பிறகு காய்ந்தது என்று வைக்கலாம். அப்படி வைத்தால் ஒரே பொருளுக்கு இரண்டு நிறை, இரண்டு ஈரப்பதன். எது எப்போது என்று குழம்பும். நாங்கள் வேறு வழி எடுத்தோம். ஈரநெல் லொட் (ஒன்றாகக் கையாள்கிற ஒரு தொகுதி நெல்) ஒன்று காயப்போடுதல் என்ற நிகழ்வுக்குள் போய் முடிகிறது. உலர்நெல் லொட் ஒன்று அதில் இருந்து பிறக்கிறது. குறைந்த நிறை எந்த லொட்டுக்கும் சேராது, அந்த நிகழ்வுக்கே சேரும். 6,600 உள்ளே, 6,140 வெளியே, ஈரப்பதன் 20இல் இருந்து 14. மேலே போட்ட கணக்கு இந்த நிகழ்வின் மேல் ஓடும். வெளியே வந்தது 6,000 என்றால் 140 கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். 6,140க்குக் கிட்ட என்றால் ஒருவரையும் பார்க்கத் தேவையில்லை.

‘விவசாயி’க்கு குவாரினோவும் வெல்ட்டியும் உருவாக்கிய ஒன்டோகிளீன் முறை உதவியது. ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்கள்: இந்தத் தன்மையை இழந்தும் அந்த ஆள் அதே ஆளாக இருக்க முடியுமா? மனுசன் என்ற தன்மையை இழக்க முடியாது. போடியார், குத்தகைக்காரர், முல்லைக்காரர், தரகர் எல்லாம் இழக்கக்கூடியவை, ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம். ஆகவே இவை மனுச வகைகள் அல்ல, ஒரு வரவில் ஒருவர் ஏற்கிற பாத்திரங்கள். ஆளை ஒரு தரம் பதியுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் யார் எந்தப் பாத்திரத்தில் என்று இணையுங்கள். வகைப்படுத்தும்போது ‘மனுசன்’ என்பதை ‘விவசாயி’க்குக் கீழே எந்த நாளும் வைக்காதீர்கள்.

கடைசியாக, மூடை. அதை மூன்றாக உடைத்தோம். சாக்கு என்பது பொருள். சாக்கின் எண்ணிக்கை ஓர் அளவு. 66 கிலோ என்பது விலை பேசுகிற அலகு. மூன்றும் மூன்று பெயர்.

படி 5: புரொட்டிஜேயில் எழுதுங்கள்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான புரொட்டிஜே என்ற மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். எழுதுகிற மொழி ஆவ்ல். உலகளாவிய வலை அமைப்பான டபிள்யு3சி 2004இல் அதைப் பரிந்துரைத்தது. இரண்டாம் பதிப்பு 2009இல் வந்தது.

முதலில் வகைகள்: லொட், சாக்கு, ஆள், பாத்திரம், நிகழ்வு, அளவீடு. பிறகு ‘நிகழ்வு’க்குக் கீழே வரவு, விலையுடன்பாடு, கொடுப்பனவு, காயப்போடுதல். பிறகு உறவுகள்: காயப்போடுதல் உள்ளெடுக்கும் லொட், வெளியிடும் லொட், வரவின் சீட்டு, வரவைக் கொண்டுவந்தவர். ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒரு வாக்கியத்தில் தமிழ் விளக்கம் எழுதுங்கள். விளக்கம் எழுத வராவிட்டால் அந்த வகை உங்களுக்கே இன்னும் தெளியவில்லை.

பெயர் வைப்பதில் ஒரு முடிவு எடுங்கள். உள்ளே இருக்கிற அடையாளம் வெறும் இலக்கமாக இருக்கட்டும். மனுசர் பார்க்கிற பெயரை மொழிக்குறியோடு தனியே ஒட்டுங்கள். அம்பாறை மாவட்டத்தில் ஒரே நெல்லுக்குத் தமிழில் ஒரு சீட்டு, சிங்களத்தில் ஒரு படிவம், ஆங்கிலத்தில் ஒரு வங்கிக் கடிதம் என்று வருவது வழமை. ஒரே வகைக்கு மூன்று மொழிப் பெயரும் ஒட்டலாம். நாளைக்குப் பெயர் மாறினாலும் இலக்கம் மாறாது. நெல்லினங்களையும் இப்படியே பதிந்தோம். ‘பி.ஜி’ என்று தொடங்கினால் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் வந்த இனம், ‘ஏ.டி’ என்றால் அம்பலாந்தோட்டை. தராசடியில் ‘நாடு, சம்பா’ என்று மட்டும் எழுதுவார்கள். அதுவும் ஒரு பெயராக இருக்கட்டும்.

அடுத்தது வரைவிலக்கணம். ‘உலர்நெல் லொட் ஒவ்வொன்றும், ஈரப்பதன் 14 வீதமோ அதற்குக் குறைவோ என்று அளந்து பதிந்த நெல் லொட். அப்படி அளந்து பதிந்த நெல் லொட் எல்லாம் உலர்நெல் லொட்.’ நெல் சந்தைப்படுத்தும் சபை உலர்நெல்லுக்கு வைத்திருக்கிற அளவும் அந்த 14 வீதம்தான். இப்படி இரண்டு திசையிலும் எழுதினால் கணினி தானே வகைப்படுத்தும். ஒருவர் 13.5 என்று அளவைப் போட்டதும், ‘உலர்நெல்’ என்று ஒருவரும் அழுத்தாமலே லொட் அந்தக் கூடைக்குப் போய்விடும்.

படி 6: ரீசனரை ஓடவிடுங்கள், இரண்டு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள்

புரொட்டிஜேயுடன் கூடவே ஹெர்மிட் என்ற ரீசனர் வருகிறது. எழுதிய விதிகளில் இருந்து என்னென்ன தொடர்கின்றன, எங்கே முரண் என்று அது பார்க்கும். ஈரநெல்லும் உலர்நெல்லும் ஒன்றோடொன்று சேராதவை என்று எழுதுங்கள். எங்கேயாவது ஒரு லொட் இரண்டிலும் விழுந்தால் முரண் என்று சொல்லும். எங்கள் பழைய எக்செல் தாளை முதன்முதலாக உள்ளே விட்டபோது, உலர்த்தாத லொட்டுகள் ‘காய்ந்தது’ என்ற தாளில் இருந்தது அப்படித்தான் தெரிய வந்தது.

முதல் பொறி: ஆவ்லுக்கு, சொல்லாதது பொய் அல்ல, இன்னும் தெரியாதது. ‘ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தராசுச் சீட்டு உண்டு’ என்று விதி எழுதியிருக்கிறீர்கள். சீட்டே இல்லாத ஒரு வரவைப் போடுகிறீர்கள். ரீசனர் குறை சொல்லாது. எங்கேயோ ஒரு சீட்டு இருக்கும், எனக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். தரவுத்தளத்தில் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி. விடுபட்டதைப் பிடிக்க ஷாக்கிள் என்ற வேறு மொழி உண்டு, 2017இல் டபிள்யு3சி பரிந்துரைத்தது. பொருளை ஆவ்லில் எழுதுங்கள், தரவு நிறைவாக இருக்கிறதா என்பதை ஷாக்கிளில் சோதியுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. ‘ஒரு வரவுக்கு ஒரே ஒரு சீட்டுத்தான்’ என்று எழுதினோம். ஒரு வரவில் தவறுதலாக இரண்டு சீட்டு இலக்கம் விழுந்தது. பிழை என்று சொல்லும் என்று பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பொருள் என்று ஆவ்ல் நினைக்காது. ‘ஒன்றுதான் இருக்கலாம் என்றாய், ஆகவே இந்த இரண்டு சீட்டும் ஒன்றே’ என்று முடிவுகட்டிவிட்டது. சீட்டுகள் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வேறு என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் முரணைக் காட்டியது. இதற்காக ஒரு முழு இரவு முழித்திருந்தேன், நீங்கள் முழிக்க வேண்டாம்.

படி 7: மென்பொருளோடும் தொழிலோடும் கட்டுங்கள்

இங்கேதான் தொழிலும் தொழில்நுட்பமும் உண்மையாகச் சந்திக்கின்றன. தராசு மென்பொருள், கணக்கு மென்பொருள், எக்செல், களஞ்சிய நோட்டு என்று ஒவ்வொன்றின் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, ‘இது ஒன்டொலொஜியில் எது?’ என்று கேளுங்கள். ஒரு கட்டம் ஒரு வகைக்குப் போனால் நல்லது. இரண்டுக்குப் போனால் அங்கே ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. ஒன்றுக்கும் போகாவிட்டால், அதை யார் பார்க்கிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒருவரும் பார்ப்பதில்லை.

தரவுத்தளத்தில் இருந்து நேராக இணைக்க ஆர்.2.ஆர்.எம்.எல் என்ற தரம் 2012இல் இருந்தே உண்டு. முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு தாளில் கையால் எழுதுங்கள். கையால் எழுதும்போது கணக்காளர் பக்கத்தில் இருந்து ‘இல்லையே தம்பி, அந்தக் கட்டத்தில் நாங்கள் முற்பணத்தையும் போடுவோமே’ என்பார். அந்த வாக்கியத்தை எந்தக் கருவியும் தராது.

பிறகு மறுபக்கம். முதலாளியின் இலக்கு ஒவ்வொன்றையும் கீழே இறக்குங்கள். ‘விவசாயிக்கு ஒரே வாரத்தில் காசு கொடுக்க வேண்டும்’ என்பது இலக்கு. அதற்கு வேலை விலையுடன்பாடும் கொடுப்பனவும். வேலைக்குத் தகவல் சீட்டு, ஈரப்பதன், விலை. தகவல் இருப்பது இந்த இந்த மென்பொருளில். இந்தச் சங்கிலியையும் வகைகளாகவும் உறவுகளாகவும் அதே கோப்பில் எழுதலாம். எழுதினால் ஸ்பார்க்கிள் என்ற வினாமொழியில் இப்படிக் கேட்க முடியும்: தராசு மென்பொருளை மாற்றினால் எந்த வேலை நிற்கும், யாருடைய அறிக்கை பிழையாகும், எந்த இலக்கு அடிபடும்? தராசு விற்க வருகிறவரிடம் அந்தப் பட்டியலை நீட்டிப் பேசலாம். முன்பெல்லாம் மென்பொருளை வாங்கிய பிறகுதான் இது தெரியவரும்.

படி 3இல் எழுதிய கேள்விகளை இப்போது ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.

படி 8: பொருளுக்கு ஒரு பொறுப்பாளி

ஒன்டொலொஜிக் கோப்பைக் கணினிப் பகுதியிடம் மட்டும் கொடுத்தால் ஒரு போகத்தில் செத்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வேலையைச் செய்கிற ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். ‘லொட்’ களஞ்சியத்துக்கு, ‘விலையுடன்பாடு’ கணக்குக்கு, ‘சாக்கு’ தராசடிக்கு. பொருளை மாற்ற வேண்டுமென்றால் அவர் ஒப்ப வேண்டும். மாற்றிய திகதியும் காரணமும் கோப்பிலேயே நிற்க வேண்டும். பழைய பதிப்பை அழிக்காதீர்கள், போன போகத்துக் கணக்கு அந்தப் பொருளில்தான் எழுதப்பட்டது.

மீளாய்வை அறுவடை நேரத்தில் வைக்காதீர்கள். பெரும்போக நெல் உள்ளே வந்து முடிந்து, சிறுபோக நெல் வர முன்னம் ஆலையில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்போது ஒரு பின்னேரம் போதும்.

எங்கள் ஆலையில் தராசுச் சீட்டு மாறியது. இப்போது அதில் சாக்கு எண்ணிக்கை, வந்த நிறை, ஈரப்பதன், 14 வீதத்துக்குரிய நிறை என்று நான்கு கட்டம். அச்சுக்குக் கொடுக்க முதல் மாதிரித் தாளைக் களஞ்சியப் பொறுப்பாளரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். நான்காவது கட்டத்தின் மேல் விரலை வைத்து, ‘இதுக்குத்தான் நான் கையெழுத்து வைப்பன், மற்றதுக்கு அவனவன் வைக்கட்டும்’ என்றார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு கையெழுத்துக்கோடு போட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தோம்.